இருப்பதைக் கொண்டு உடுத்துதல்

(சிதம்பரத்தில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

  

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்கு மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். காலையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்று எதை உடுத்துவது என்று நிற்கிறோமே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பீரோ நிறைந்திருக்கும், கதவைச் சாத்துவதற்கே தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். ஆனால் நாவில் வருகின்ற சொல், உடுத்த ஒன்றுமில்லை என்பது. இந்தச் சொல்லை ஏழை வீட்டில் கேட்டால் நமக்குக் கண் கலங்குகிறது. நம் வீடுகளில் இது வாரத்திற்கு இரண்டு முறை கேட்கிறது. யாரும் கலங்குவதில்லை, கடைக்குப் புறப்படுகிறோம்.

ஸஹீஹுல் புகாரியில், தொழுகையின் பாடத்தில் ஒரு ஹதீஸ் வருகிறது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரே ஓர் ஆடையுடன் தொழலாமா என்று ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். உங்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆடைகள் கிடைத்துவிடுகின்றனவா என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் காலத்து மதீனாவின் நிலை அது. கேள்வியே பதிலாக அமைந்துவிட்டது.

காலம் மாறிற்று. செல்வம் வந்தது. அதே கேள்வியை ஒருவர் உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். அல்லாஹ் உங்களுக்கு விசாலத்தைத் தந்தால் நீங்களும் விசாலமாக நடந்துகொள்ளுங்கள் என்னும் கருத்தில் பதிலளித்துவிட்டு, உமர் (ரலி) அவர்கள் ஒரு பட்டியல் சொன்னார்கள். இந்தப் பட்டியலை நாம் எத்தனையோ முறை ஓதிக் கடந்திருப்போம். நின்று பார்த்திருக்க மாட்டோம்.

கீழே உடுத்துவதற்கு மூன்று: இஸார், அதாவது இடுப்பில் சுற்றும் நம் வேட்டி போன்றது, ஸராவீல், அதாவது கால்சட்டை, துப்பான், அதாவது குட்டையான கால்சட்டை. மேலே அணிவதற்கு மூன்று: ரிதா எனும் போர்வைத் துண்டு, கமீஸ் எனும் நீண்ட சட்டை, கபா எனும் முன்புறம் திறந்த மேலங்கி. இஸாருடன் ரிதா, இஸாருடன் கமீஸ், இஸாருடன் கபா. ஸராவீலுடன் ரிதா, ஸராவீலுடன் கமீஸ், ஸராவீலுடன் கபா. துப்பானுடன் கபா, துப்பானுடன் கமீஸ். இவ்வளவையும் சொல்லிவிட்டு, துப்பானுடன் ரிதா என்றும் சொன்னதாகவே எண்ணுகிறேன் என்று அறிவிப்பாளர் சிறிது தயங்கிச் சொல்கிறார். துப்பான் மிகக் குட்டையானது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஒன்பதாவதில் மட்டும் ஏன் தயக்கம் என்பது நமக்கும் புலப்படும்.

சகோதரர்களே! துணி ஆறு. உடுப்பு ஒன்பது. நம் வீட்டு பீரோக்களில் துணி அறுபது; உடுப்பு ஆறு தேறுவதில்லை. குறை எங்கே இருக்கிறது?

உமர் (ரலி) அவர்கள் சொன்ன மூன்று மேலாடைகளில் ஒவ்வொன்றும் மூன்று கீழாடைகளோடும் சேரும். நாம் வாங்குகின்றவையோ ஒன்றோடு மட்டும் சேர்வன. வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். சீலையுடன் அதே நிறத்தில் ரவிக்கைத் துணியும் சேர்ந்து வருகிறது. அதைத் தைத்தாயிற்று. இரண்டு ஆண்டுகளில் அந்த ரவிக்கை இறுக்கமாகிவிடுகிறது, அல்லது அக்குளில் நைந்துவிடுகிறது. சீலை புதிதாகவே இருக்கிறது. ஆனாலும் அந்தச் சீலை அன்றோடு உறங்கப் போய்விடுகிறது. அதற்கு வேறு ரவிக்கை பொருந்தாது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. சுடிதாரும் அப்படியே. மேலாடை, கால்சட்டை, துப்பட்டா மூன்றும் ஒரே உறையில் வாங்கப்படுகின்றன. துப்பட்டாவில் ஒரு கிழிசல் விழுந்தால் மூன்றுமே ஓய்வு பெற்றுவிடுகின்றன.

தாய்மார்களைக் குறை கூறும் ஜும்ஆவாக இது முடிந்துவிடக் கூடாது. ஆகையால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்த உரைக்காகச் சென்ற வாரம் என் பீரோவை நானே எண்ணிப் பார்த்தேன். வெள்ளை ஜிப்பாக்கள் மட்டும் பதினொன்று இருந்தன. நான் மாற்றி மாற்றி அணிவது நான்கு. மற்ற ஏழில், இரண்டுக்குப் பொத்தான் இல்லை. ஒன்றுக்குக் கழுத்துப்பட்டி நைந்திருக்கிறது. ஒன்று எனக்குப் பத்தாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சிய மூன்றும் ஏன் கிடக்கின்றன என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மிம்பரில் நின்று வீண்விரயத்தைப் பற்றிப் பேசுகிறவனின் பீரோ இது.

ஒரு பெருநாளன்று நடந்ததைச் சொன்னால்தான், இதைச் சிறிய பொருள் அல்ல என்று நான் ஏன் கருதுகிறேன் என்பது உங்களுக்குப் புரியும். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறோர் ஊரில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது நடந்தது. மக்தபில் நன்றாக ஓதிவந்த ஒரு சிறுவன் பெருநாள் தொழுகைக்கு வரவில்லை. உடல் நலமில்லையோ என்று எண்ணித் தொழுகை முடிந்ததும் அவன் வீட்டுக்குச் சென்றேன். பிள்ளை நலமாக இருந்தான். சென்ற ஆண்டுச் சட்டையை அணிந்துகொண்டு திண்ணையின் உட்புறமாக உட்கார்ந்திருந்தான். நல்ல சட்டை, கிழிசல் இல்லை, சலவை செய்து இஸ்திரியும் போட்டிருந்தது. ஏனப்பா வரவில்லை என்று கேட்டதற்கு, புதுசு எடுக்கவில்லை ஹஜ்ரத் என்றான். அவன் தகப்பனார் அந்த மாதம் கடன் தவணை கட்டியிருந்தார். கேலி செய்வார்கள் என்று பிள்ளை பயந்துவிட்டான். அவனுடைய தாயார் கதவுக்குப் பின்னாலிருந்து, நீங்கள்தானே ஹஜ்ரத், புத்தாடை உடுத்தித் தொழுகைக்கு வாருங்கள் என்று பயானில் சொன்னீர்கள் என்றார்.

நான் சொல்லியிருந்தேன். முந்திய ஜும்ஆவில், பெருநாளின் ஒழுங்குகளை அடுக்கிக்கொண்டு போகும்போது, குளித்து, நறுமணம் பூசி, புத்தாடை அணிந்து என்று வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் நூல்களில் இருப்பது அதுவன்று. தன்னிடம் இருக்கின்ற ஆடைகளுள் சிறந்ததை அணிவது என்றுதான் மார்க்க அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். இருப்பதில் சிறந்தது என்பதற்கும் புதியது என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றுக்கொண்டேன். சென்ற ஆண்டுச் சட்டையோடு அவன் வந்திருந்தால் ஒழுங்கில் ஒரு குறைவும் இல்லை. என் ஒரு சொல் அவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. பெருநாளன்று பெண்களையும் தொழுகைத் திடலுக்குப் புறப்பட்டு வரும்படி நபியவர்கள் ஏவினார்கள். எங்களில் ஒருத்திக்கு மேலே போர்த்திக்கொள்ளும் ஜில்பாப் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கப்பட்டது. அவளுடைய தோழி தன்னுடையதில் ஒன்றை அவளுக்கு அணியக் கொடுக்கட்டும் என்ற கருத்தில் பதில் வந்தது. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கவனியுங்கள். ஆடையில்லை, ஆகவே வீட்டில் இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. கடன் வாங்கியாவது புதிது எடுக்கட்டும் என்றும் சொல்லவில்லை. ஊரில் இருக்கின்ற துணிகளைக் கொண்டே ஊரில் இருக்கின்ற எல்லோரும் வந்தாக வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் பிற்காலத்தில், ஐந்து திர்ஹம் பெறுமதியுள்ள கித்ர் எனும் முரட்டுத் துணியாலான ஒரு சட்டையை அணிந்திருந்தார்கள். தம் வீட்டுப் பணிப்பெண்ணைச் சுட்டிக்காட்டி, இவள் இதை வீட்டுக்குள் அணிவதற்குக்கூட வெட்கப்படுகிறாள். அல்லாஹ்வின் தூதருடைய காலத்தில் இத்தகைய சட்டை ஒன்று என்னிடம் இருந்தது, மதீனாவில் அலங்கரிக்கப்பட்ட எந்தப் பெண்ணும் அதை என்னிடம் ஆளனுப்பி இரவல் வாங்காமல் இருந்ததில்லை என்னும் கருத்தில் சொன்னார்கள். மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குவது பற்றிய தலைப்பின்கீழ் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இதைப் பதிவு செய்துள்ளார்கள். ஒரு சட்டை. எத்தனை மணப்பெண்கள்! இன்று நம் வீட்டுப் பெண் பிள்ளையின் நிக்காஹ் உடை ஒரு மாலை மட்டும் அணியப்படுகிறது. அதற்குப் பின் அந்துருண்டை போட்டு உறைக்குள் வைக்கப்பட்டு, சரிகை கறுத்துப் போகும்வரை காத்திருக்கிறது. அதே தெருவில் இன்னொரு வீட்டில் நிக்காஹ் உடைக்காக வட்டிக்குப் பணம் வாங்குகிறார்கள். வட்டி ஹராம் என்பது அவர்களுக்கும் தெரியும். எது அவர்களை அங்கே கொண்டுபோய்த் தள்ளியது என்பதில் நம் பீரோக்களுக்கும் பங்கு உண்டு.

நம் பகுதிக்குத் துணி புதிதன்று. 1690ஆம் ஆண்டு தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டுக் கொண்டு இங்கே அமர்ந்ததற்கு, இந்தக் கரையில் நெய்யப்பட்ட துணி ஒரு பெருங்காரணம். அவர்களுக்கும் முன்பிருந்தே, மஹ்மூது பந்தர் என்று நாம் அழைக்கும் பரங்கிப்பேட்டையிலிருந்து நம் மரைக்காயர்கள் மலாய் நாட்டுத் துறைமுகங்களுக்கு மரக்கலங்களில் துணி ஏற்றிச் சென்றார்கள். இன்றும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கைலி நெய்கின்ற குடும்பங்கள் இருக்கின்றன. தறியில் ஒரு கைலியின் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அதை இரண்டு முறை உடுத்திவிட்டுக் கரித்துணியாக்கத் துணியமாட்டார்கள். உலகக் கணக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பருத்தி டி ஷர்ட்டுக்குப் பருத்தி விளைவிப்பதிலிருந்து முடிக்கும்வரை ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். வீராணம் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து நடவு செய்கின்ற நமக்கு அந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கந்தலை உடுத்திக்கொண்டு திரிவதுதான் இறையச்சமா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லவே இல்லை. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26ஆம் வசனம், ஆடையை மானத்தை மறைப்பதாகவும் அலங்காரமாகவும் இறக்கியருளியதாகக் கூறிவிட்டு, இறையச்சம் என்னும் ஆடையே மேலானது என்கிறது. அலங்காரம் என்ற சொல்லை அல்லாஹ்வே அங்கே வைத்திருக்கிறான். அதே அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தொழுமிடம் தோறும் அலங்காரத்துடன் வரச் சொல்கிறது. அடுத்த மூச்சிலேயே, உண்பதிலும் பருகுவதிலும் விரயம் செய்யாதீர்கள் என்கிறது. இரண்டும் ஒரே வசனத்தில் இருப்பது தற்செயலன்று.

மாலிக் பின் நள்லா (ரலி) எனும் தோழர் மட்டமான உடையில் நபியவர்களிடம் வந்தார். உன்னிடம் செல்வம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை எல்லாம் இருக்கின்றன என்றார். அல்லாஹ் தந்த அருளின் அடையாளம் உம்மீது காணப்படட்டும் என்ற கருத்தில் சொன்னார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் இது இருக்கிறது. மற்றொரு முறை அழுக்கு உடையுடன் ஒருவரைக் கண்டபோது, தம் ஆடையைத் துவைத்துக்கொள்ள இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். அவர் புதிது வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. துவைக்க வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான் வேறுபாடு. நபியவர்களே தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். நம் வீட்டு ஆண்களில் ஒரு பொத்தானைத் தைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். பயான் கேட்டு உள்ளம் உருகி, வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்ததும் பழையபடி நிற்பதில் பயனில்லை.

ஒரு நாள் அஸ்ருக்குப் பிறகு, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, பீரோவில் உள்ளவை அனைத்தையும் வெளியே எடுத்துப் பாயில் போடுங்கள். அனைத்தையும் என்றால் அனைத்தையும். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பி, உறை பிரிக்காமல் வைத்திருப்பதையும்தான். லால்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அப்படி உறைக்குள்ளேயே மங்கிப்போன அபாயாக்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாதா என்ன! கடற்காற்றும் ஐப்பசி மழையும் உள்ள ஊர் நம்முடையது. எடுத்து உதறாத துணியில் பூஞ்சை படரத்தான் செய்யும். முதலில் வெயில் காட்டுங்கள்.

பிறகு கீழாடைகளை ஒரு பக்கமும் மேலாடைகளை ஒரு பக்கமும் வையுங்கள். சேர்த்து வாங்கிய ஜோடிகளைப் பிரித்துவிடுவதுதான் இதில் முக்கியம். அந்தச் சிவப்புக் கால்சட்டை அந்தச் சிவப்பு மேலாடைக்கு மட்டுமே என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். இப்போது ஒவ்வொரு மேலாடையையும் ஒவ்வொரு கீழாடைமீதும் வைத்துப் பாருங்கள். மறைக்க வேண்டியதை மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கண்ணுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. வெள்ளை, கறுப்பு, சந்தனம், பழுப்பு ஆகிய நிறங்களில் கீழாடை இருந்தால் அது ஏறத்தாழ எல்லாவற்றோடும் இணங்கிப் போகும். மூன்று கால்சட்டையும் நான்கு மேலாடையும் ஒன்றோடொன்று இணங்கினால் பன்னிரண்டு உடுப்பு. இரண்டு துப்பட்டாக்கள் எல்லாவற்றோடும் சேர்ந்தால் இருபத்து நான்கு. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு மாதம் ஓடிவிடும். அதற்கும் மேலே பர்தா அணிந்து செல்கின்ற பிள்ளை, உள்ளே நேற்று உடுத்தியதை இன்றும் உடுத்தினாளா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பெண்கள் மட்டும் கூடும் சபையில்தான் அந்தப் பார்வை அதிகம் என்று என் வீட்டார் சொல்கிறார்கள். அதைத் தாய்மார்கள்தாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

சீலைகளுக்குத் தனித்தனி ரவிக்கை தைப்பதற்குப் பதிலாகக் கறுப்பில் ஒன்றும், சந்தன நிறத்தில் ஒன்றும், அரக்கில் ஒன்றும், உடம்புக்குச் சரியாக, உள்தையலில் சிறிது துணி விட்டுத் தைத்து வைத்துக்கொண்டால் உறங்குகின்ற சீலைகளில் பாதி எழுந்துவிடும். நம் பாட்டிமார்கள் எந்தச் சீலைக்கும் மேலே ஒரே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு எல்லா மஜ்லிஸ்களுக்கும் போய்வந்தார்கள். அவர்களின் கண்ணியத்தில் ஏதேனும் குறைந்ததா?

ஆண்கள் விஷயம் இன்னும் எளிது. மூட்டிய வெள்ளை வேட்டி இரண்டு, கைலி மூன்று, அலுவலகத்திற்குக் கால்சட்டை இரண்டு, இவை அனைத்தோடும் சேரும் வெளிர் நிறச் சட்டைகள் ஐந்தாறு இருந்தால், ஒரு மனிதர் வேறென்ன கேட்கிறார்? ஒவ்வொரு நிக்காஹுக்கும் கரை மாற்றி ஒரு வேட்டி எடுக்கின்ற பழக்கம் எப்போது வந்ததென்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு ஜோடியை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். வேலைக்கு உடுத்தும் இரண்டு ஆடைகள் நீங்கலாக ஜும்ஆவுக்கென்று இரண்டு ஆடைகள் வைத்துக்கொண்டால் என்ன என்று நபியவர்கள் கேட்டதாக அபூதாவூதில் வருகிறது. வியாழன் இரவே அதை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டால், குத்பா தொடங்கியபின் ஈரச் சட்டையோடு ஓடிவர வேண்டியதில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்குத் தைக்கும்போது கீழ் ஓரத்தில் நான்கு விரற்கடை மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்துவிடலாம். முன்பெல்லாம் தையற்காரர் கேட்காமலே செய்தார். இப்போது நாம்தாம் கேட்க வேண்டும்.

மேனாடுகளிலும் இதைப் பேசுகிறார்கள். 1985இல் நியூயார்க்கைச் சேர்ந்த டோனா கரன் என்னும் உடை வடிவமைப்பாளர், ஒன்றோடொன்று சேர்த்து மாற்றி உடுத்தத்தக்க ஏழே உடுப்புகள் என்று ஒரு தொகுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்து பெயர் பெற்றார். அவர்களும் கடைசியில் அதையே ஒரு விற்பனைச் சரக்காக்கிவிட்டார்கள். நமக்கு அது வேண்டாம். எளிமையாக உடுத்துவதற்காகப் போய்ப் புதிதாக ஏழு வாங்கி வருவதும் விரயம்தான். இருப்பதிலிருந்து தொடங்குங்கள். முந்தானைகளை மார்பின்மீது இட்டுக்கொள்ளும்படி வசனம் இறங்கியபோது, முதல் முஹாஜிர் பெண்கள் கடைவீதிக்கு ஓடவில்லை. தங்களிடம் இருந்த தடித்த போர்வைகளைக் கிழித்து முக்காடாக்கிக் கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரியட்டும் என்று வாழ்த்திச் சொல்கிறார்கள். அல்லாஹ்வின் கட்டளைக்கே வீட்டிலிருந்த துணி போதுமானதாக இருந்தது. ஆடித் தள்ளுபடிக்கு நமக்கு என்ன அவசரம்? திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில், ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் கால் தானாக நிற்கிறதே, அந்த இரண்டாவதைத் துவைப்பதும் மடிப்பதும் வைக்க இடம் தேடுவதும் இலவசமா?

இவ்வாறு பிரித்த பிறகு பாயில் ஒரு குவியல் எஞ்சும். அதை என்ன செய்வது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 26.12.2004 அன்று ஆழிப்பேரலை நம் மாவட்டக் கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை, அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் பக்கத்து மீனவர் கிராமத்து மக்களுக்கு உணவளித்து அரவணைத்ததை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அதே நாள்களில் இன்னொன்றும் நடந்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்து தமிழகக் கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்தவை, கறை படிந்தவை, மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத வகைகள். எடுப்பார் இல்லாமல் அவை சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் இழந்தவர்கள் அந்தத் துணியை எடுக்க மறுத்தார்கள். நன்றிகெட்டவர்கள் என்று அப்போது சிலர் பேசியது என் காதிலும் விழுந்தது. அல்பகறா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தை ஓதியவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நீங்களே வாங்கிக்கொள்ளமாட்டாத மட்டமானதைக் கொடுப்பதற்குத் தேடாதீர்கள் என்பது அதன் கருத்து. மறுத்தவர்கள் அந்த வசனத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதன் நீதி அவர்கள் பக்கம் இருந்தது.

ஆகவே எஞ்சிய குவியலை இரண்டாகப் பிரியுங்கள். நீங்களே மறுபடி உடுத்தத் தகுந்த நிலையில் இருப்பதைத் துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு, ஒருவருக்குப் பரிசு கொடுப்பதுபோல் கொடுங்கள். பருவம் பார்த்துக் கொடுங்கள்; மழைக்கு முன் போர்வையையும், பள்ளிக்கூடம் திறக்கும் முன் பிள்ளைகளின் உடையையும் கொடுப்பது நல்லது. கிழிந்தவற்றை யாருக்கும் தானம் செய்ய வேண்டாம். அவை அடுப்படியில் கைப்பிடித் துணியாகட்டும். குழந்தைக்குத் தொட்டில் விரிப்பாகட்டும். பழைய சீலைகளை அடுக்கி இழையோட்டிக் குளிர்காலத்துப் போர்வையாக்குங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், ஒப்புக்கொண்டார்கள். வருகிற ஷஅபான் மாதம் முழுவதும் பள்ளியின் பின்கட்டு அறையில் ஓர் அலமாரி வைக்கப்படும். பெண்களின் நிக்காஹ் உடைகள், பெருநாள் உடைகள், பிள்ளைகளுக்குப் பத்தாமல் போன நல்ல உடைகள் ஆகியவற்றைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுக்கலாம். தாய்மார்கள் இருவர் பொறுப்பில் இருப்பார்கள். தேவையானவர்கள் அவர்களிடம் மட்டும் சொன்னால் போதும். பெயர் எழுதப்படமாட்டாது, யார் கொடுத்தது யார் எடுத்தது என்று வெளியே பேசப்படவும் மாட்டாது. நிக்காஹ் உடையை இரவலாக எடுத்துச் சென்று, துவைத்துத் திருப்பித் தந்துவிடலாம். என்னுடைய ஜிப்பாக்களில் அந்த மூன்றும் இன்று காலையே அங்கே வந்துவிட்டன. பொத்தான் இல்லாத இரண்டும் தைத்து முடித்ததும் வரும்.

வருகிற பெருநாள் தொழுகைக்கு நான் சென்ற பெருநாளின் ஜிப்பாவையே அணிந்து வருவேன், இன்ஷா அல்லாஹ். முன் வரிசையில் நிற்கும் பெரியவர்களும் அப்படியே வந்தால், பின் வரிசைப் பிள்ளைகளில் எவனும் வீட்டில் உட்கார்ந்துவிட மாட்டான். பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது. ஸஃப்புகளைச் சரிசெய்துகொள்ளுங்கள்.